அநுதினமும் எடுக்கிற சிலுவை: புதிதாகச் சீஷத்துவத்துக்குள் வருகிறவர்களுக்கு

"இனிமே சுயம் சாகணும்." ஞானஸ்நானம் எடுத்த புதிதில் இந்த வார்த்தையை யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அது நன்றாகவே புரியும். திங்கட்கிழமை காலை எழுந்து, "சரி, இன்றைக்குச் சுயம் சாக நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

எனக்கும் பல வருடம் அப்படித்தான் போனது. எப்படி ஜெபிப்பது, வேதத்தை எங்கே தொடங்கி வாசிப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மூத்த விசுவாசிகள், சுயம் சாவதை, வேதத்தின் வார்த்தையில் தன்னை வெறுப்பதை, மட்டும் ஒரு கட்டளையாகச் சொன்னார்களே தவிர, கையைப் பிடித்துப் பழக்கவில்லை. நானாகச் சில தப்பான வழிகளில் போய்த் திரும்பினேன். என்னை நானே திட்டிக்கொண்டே இருப்பதுதான் சீஷத்துவம் என்று நினைத்த காலமும் உண்டு. அந்தச் சுற்று உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வசனத்தைச் சரியாகக் கேளுங்கள்

"ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." லூக்கா 9:23. எல்லாம் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. இதில் மூன்று சொற்களை நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும்.

முதலாவது, 'வெறுத்து'. புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் இது. இன்றைய பேச்சில் வெறுப்பு என்றால் பகை, அருவருப்பு. ஆனால் மத்தேயு 16:24-ல் இதே கட்டளை வரும்போது கிரேக்க மூலத்தில் இருக்கிற வினைச்சொல், மத்தேயு 26:34-ல் பேதுருவைப் பற்றித் திரும்ப வருகிறது: "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்." தமிழில் ஒரு இடத்தில் 'வெறுத்து', இன்னொரு இடத்தில் 'மறுதலிப்பாய்'. மூலத்தில் இரண்டும் ஒரே சொல்.

இயேசு பிடிபட்ட அந்த இராத்திரி பேதுரு என்ன செய்தார்? "அந்த மனுஷனை நான் அறியேன்" என்றார். அவர் இயேசுவைப் பகைக்கவில்லை. எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை என்று கைகழுவினார். அதே வார்த்தையை நம் உள்ளே இருக்கிற 'நான்' பக்கம் திருப்பிச் சொல்லவேண்டும் என்கிறார் இயேசு. "எனக்குத்தான் முதலில்", "நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்" என்று உள்ளே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவனைப் பார்த்து, "உன்னை எனக்குத் தெரியாது, உன் பேச்சு இங்கே எடுபடாது" என்று சொல்வதுதான் தன்னை வெறுத்தல். திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'தன்னலம் துறந்து' என்று இருக்கிறது. எனக்கு அது உதவியாக இருந்தது.

ஆகவே, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஏற்கெனவே மனதுக்குள் புழுங்குகிறவர் நீங்கள் என்றால், அந்தப் புழுக்கத்துக்கு இந்த வசனத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே" என்று எபேசியர் 5:29 இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது. தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறவனும் நாள் முழுக்கத் தன்னைப் பற்றித்தானே யோசிக்கிறான்.

இரண்டாவது, 'சிலுவை'. தீராத வியாதியையோ கடனையோ, ஒத்துப்போகாத உறவையோ "இது என் சிலுவை" என்று சொல்வது வழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சுமை உண்மையானதுதான். ஆண்டவர் அதிலும் கூட இருக்கிறார். ஆனால் வசனம் 'எடுத்துக்கொண்டு' என்கிறது. தானாக வந்து தோளில் விழுந்ததைப் பற்றி அது பேசவில்லை. ரோமர் ஆட்சியில் மரணதண்டனை பெற்றவன், தன் சிலுவையின் குறுக்கு மரத்தைத் தானே சுமந்து தெரு வழியாகப் போவான். சீஷர்களுக்கு அந்தக் காட்சியின் அர்த்தம் தெரியும். அப்படிப் போகிறவன் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பமாட்டான். அடுத்த வாரத்துக்கு அவன் போட்டுவைத்த திட்டம் எதுவும் இனி அவனுடையது இல்லை.

மூன்றாவது, 'அநுதினமும்'. இந்தச் சொல் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. மத்தேயு 16:24, மாற்கு 8:34 இரண்டிலும் இல்லை. இதே கிரேக்கச் சொற்றொடரை லூக்கா இரண்டு அதிகாரம் தள்ளி, கர்த்தருடைய ஜெபத்திலும் வைக்கிறார். 11:3-ல் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்று எங்களுக்குத் தாரும்" என்று வாசிக்கிறோமே, அந்த 'அன்றன்று'தான் இந்த 'அநுதினமும்'. இதைக் கவனித்த நாளில் வேதத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிலுவை எந்தக் கணக்கில் வருகிறதோ அதே கணக்கில்தான் அப்பமும் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு நாள் அளவு. யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த ஆகாரமாகிய மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்துவைத்தபோது அது புழுத்து நாறியது. போன வருடக் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்ததை வைத்து இந்தச் செவ்வாய்க்கிழமையை ஓட்ட முடியாது. அதேபோல, இன்னும் 40 வருடம் எப்படித் தாக்குப்பிடிப்பேன் என்று இன்றைக்கே பயப்படவும் வேண்டாம்.

முதல் வாரம் வாசிக்க மட்டும் செய்யுங்கள்

உடனே எதையாவது விட்டுவிடவேண்டும் என்று துடிப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரம், தினமும் லூக்கா 9:18 முதல் அதிகாரம் முடியும்வரை வாசியுங்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் நான்காம் நாளில்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். "தன்னைத்தான் வெறுத்து" என்று கேட்ட அதே சீஷர்கள், 46-ம் வசனத்தில் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணுகிறார்கள். 54-ல் யாக்கோபும் யோவானும், தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இயேசு அவர்களை அதட்டினார்; விட்டுவிட்டுப் போகவில்லை.

வாசித்து முடித்தபின் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எதை மட்டும் அவர் கேட்டுவிடக்கூடாது என்று உள்ளுக்குள் பயப்படுகிறேன்? கோபுரம் கட்டுகிறவன் முன்னதாகவே உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று லூக்கா 14:28 சொல்கிறது. அந்தக் கணக்குத்தான் இது. எழுதினதை விடவேண்டிய வேலை இப்போது இல்லை. எழுதி வேதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

காலையில் ஐந்து நிமிடம்

இரண்டாம் வாரத்திலிருந்து இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பு. நான் வலியுறுத்திச் சொல்கிற ஒரே நேர ஒழுங்கு இதுதான். காலையில் முதலில் யாருடைய குரல் காதில் விழுகிறதோ அவருடைய விருப்பப்படித்தான் நாள் உருளத் தொடங்குகிறது.

கெத்செமனேயில் ஆண்டவர் ஜெபித்த வரியைச் சொல்லித் தொடங்குங்கள்: "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." அப்புறம் அன்றைய நாளை மனதுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். யாரைச் சந்திக்கப் போகிறேன், எந்த வேலை காத்திருக்கிறது, எந்த இடத்தில் என் விருப்பமும் அவருடைய விருப்பமும் மோதும்? அந்த இடத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். "ஆண்டவரே, என்னை முற்றிலும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்வதில் சிரமமே இல்லை. "ஆண்டவரே, இன்று பத்து மணிக்கு அந்த வேலையில் நான் செய்த தப்பைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது இன்னொருவர் பெயரை இழுக்காமல் நான்தான் செய்தேன் என்று சொல்லப் பெலன் தாரும்" என்று சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைக்கும். அப்படி அடைக்கிற இடம்தான் அன்றைய சிலுவை இருக்கிற இடம்.

உள்ளத்தில் எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை. விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:13 சொல்கிறது. உங்கள் பல்லைக் கடித்துச் சாதிக்கிற காரியமாக இது இருந்திருந்தால் நான் இதை எழுதவே துணிந்திருக்கமாட்டேன்.

ஒரே ஒரு இடம்

இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவேண்டும்.

புதியவர்கள் பொதுவாகப் பெரிய காரியமாகத் தேடுவார்கள். வேலையை விடவா, எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கவா என்று. சிலரை ஆண்டவர் அப்படி அழைப்பதும் உண்டு. ஆனால் முதல் மாதத்தில் நீங்கள் தேடவேண்டியது, உங்கள் 'நான்' தினமும் வந்து உட்காருகிற சின்ன நாற்காலியை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று அடையாளம் உண்டு. எந்தச் சின்ன விஷயத்துக்கு உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது? எங்கே உங்களை நியாயப்படுத்திப் பேச வார்த்தை தானாக வருகிறது? யாரும் பார்க்காதபோது நேரம் எங்கே போகிறது? ஒருவருக்கு அது கைப்பேசித் திரையாக இருக்கும். இன்னொருவருக்கு, எந்தக் கதையைச் சொன்னாலும் தான் நல்லவனாகத் தெரியும்படி அதைக் கொஞ்சம் வளைத்துச் சொல்கிற பழக்கமாக இருக்கும். இன்னொருவர் ஊழியத்தில் தன் பெயரைச் சொல்லாமல் விட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

எனக்கு அது கடைசி வார்த்தை. எந்த வாக்குவாதமும் என் வாக்கியத்தோடுதான் முடியவேண்டும். ஒருமுறை அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது என்று தம்பிக்கும் எனக்கும் குறுஞ்செய்தியில் பிரச்சினை. "எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன்" என்று அவன் எழுதியிருந்தான். அது உண்மை இல்லை. நான் மூன்று பத்தி எழுதினேன். எந்த மாதம், எந்தத் தேதி, யார் போனது, யார் பணம் கட்டியது எல்லாம் அதில் இருந்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அனுப்புகிற பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நிற்கிறது. அன்று காலையில்தான் இந்தக் கடைசி வார்த்தையைப் பெயர் சொல்லி ஜெபித்திருந்தேன். எழுத்து எழுத்தாக அழித்தேன். அழிக்க அழிக்க நெஞ்சுக்குள் சூடு ஏறியதே தவிரக் குறையவில்லை. கடைசியில், "வெள்ளிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

அதன்பிறகு சமாதானம் பொங்கி வழிந்தது என்று சொன்னால் பொய். அனுப்பாத அந்த மூன்று பத்தியையும் இரண்டு நாள் மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். தம்பியும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காத்திருப்பு அறையில் அப்பா என் கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில், மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கே மறந்துபோயிற்று. "என்னிமித்தமாகத் தன் ஜீவனை இழந்துபோகிறவன் அதை இரட்சித்துக்கொள்ளுவான்" என்ற அடுத்த வசனத்தை நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டது அங்கேதான்.

உங்களுடைய இடத்தையும் இந்த அளவுக்குச் சின்னதாகத் தேர்ந்தெடுங்கள். 'பொறுமையாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள். 'வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரம் குறை சொல்லமாட்டேன்' என்று எழுதுங்கள். செய்தோமா இல்லையா என்று இரவில் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியவேண்டும்.

உபவாசம்

மத்தேயு 6:17-ல் இயேசு "நீயோ உபவாசிக்கும்போது" என்று தொடங்குகிறார். செய்வாயானால் என்று கேட்கவில்லை, செய்வாய் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறார். ஆதிக் கிறிஸ்தவர்களிடையே புதன், வெள்ளி ஆகிய இரண்டு நாளும் உபவாசிக்கிற வழக்கம் இருந்தது. தவக்காலத்தின் 40 நாளும் உபவாசத்துக்கென்று ஒதுக்கப்பட்டவைதான். மேற்கத்திய மரபில் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவை உயிர்த்தெழுதலின் நாட்கள்.

வாரத்தில் ஒரு வேளை உணவு என்று தொடங்குங்கள். அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாமல் ஜெபத்துக்குக் கொடுங்கள். சாப்பாட்டில் மிச்சமானதைப் பணமாகவோ உணவாகவோ பசித்தவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58 அதைத்தான் தேவனுக்கு உகந்த உபவாசம் என்கிறது. அதே அதிகாரத்தில், உபவாச நாளில் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறவர்களைத் தேவன் கண்டிக்கிறார். பசி வந்தால் நமக்குள் அடங்கியிருந்த எரிச்சல் மேலே வரும். அதைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். அது பசியால் புதிதாக வந்ததில்லை, சாப்பாடு அதை மூடிவைத்திருந்தது, அவ்வளவுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேளை தவறாமல் மருந்து சாப்பிடுகிறவர்கள், உணவோடு போராடிய அனுபவம் உள்ளவர்கள் உணவை விடவேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள், இல்லையென்றால் திரையையோ வீண் செலவையோ ஒரு நாள் விடுங்கள். அது குறைந்த உபவாசம் இல்லை.

யார் செலவில் வெறுக்கிறோம்?

மாற்கு 7:11-ல் கொர்பான் என்று ஒரு வழக்கத்தை இயேசு கடிந்துகொள்கிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைத் 'தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டால், அவர்களுக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று ஆக்கிவைத்திருந்தார்கள். பக்தியான வார்த்தைதான், ஆனால் நஷ்டம் முழுக்க இன்னொருவருக்கு. நான் தினமும் மூன்று மணி நேரம் ஜெபிக்கிறேன், குழந்தைகளை முழுக்க மனைவியே பார்த்துக்கொள்கிறாள் என்றால், அங்கே தன்னை வெறுக்கிறது அவள்தான். எந்தத் தீர்மானம் எடுத்தாலும் வீட்டில் இருப்பவர்களிடம், "இதனால் உங்களுக்குச் சுமை கூடுகிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். வீட்டில் அடி விழுகிறது, மிரட்டல் இருக்கிறது, அதைச் சகிப்பதுதான் உன் சிலுவை என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், உதவி கேளுங்கள். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று யோவான் 10:18-ல் ஆண்டவர் தம் ஜீவனைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர் மனதார எடுக்கிறதுதான் சிலுவை. அதை இன்னொருவர் முதுகில் கட்டிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.

ஒருவரிடம் சொல்லிவையுங்கள்

இயேசு பன்னிருவரையும் இரண்டிரண்டு பேராக அனுப்பினார். நீங்களும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அறிவுரை சொல்கிறவரைவிட, வாரம் ஒருமுறை "அந்த விஷயம் எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கத் தெரிந்தவர் போதும். சபையாகச் சேர்ந்து செய்கிற வழியும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தங்களைத் தேவனுக்குப் புதிதாக ஒப்புக்கொடுக்கிற உடன்படிக்கை ஆராதனையை 1755-ல் தொடங்கினார்; அதை மெதடிஸ்ட் சபைகள் பலவும் புத்தாண்டை ஒட்டி இன்றும் நடத்துகின்றன.

இரவிலும், விழுந்த நாளிலும்

படுக்கப்போகும் முன் நாளைத் திரும்பப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா 16-ம் நூற்றாண்டில் இதை ஒழுங்காகவே பழக்கிக்கொடுத்தார். எல்லாச் சபையாரும் கற்றுக்கொள்ளத் தக்கது. முதலில் நன்றி. அப்புறம் அந்த ஒரு இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். செய்திருந்தால், "செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று லூக்கா 17:10-ல் உள்ளபடி சொல்லிவிட்டுத் தூங்குங்கள். செய்யவில்லை என்றால் அறிக்கையிட்டுவிட்டு, அதன்பிறகும் தூங்குங்கள். தண்டனையாக மறுநாள் இரட்டிப்பாக உபவாசிக்கிறேன் என்று பேரம் பேசவேண்டாம். அது சுயம் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிற விதம்.

விழுவீர்கள். தன்னை மறுதலிக்கவேண்டிய பேதுரு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆண்டவரை மறுதலித்தார். அதற்குப் பிறகு யோவான் 21-ல், கடற்கரையில் கரிநெருப்பு போட்டு மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று ஆண்டவரே கூப்பிடுகிறார். மூன்றுதரம் மறுதலித்தவரிடம் மூன்றுதரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். கடைசியில் சொல்வது பழைய அதே வார்த்தை: "என்னைப் பின்பற்றி வா."

ஐந்தாறு வாரத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு இடம் இலகுவாகிவிட்டதென்றால், இன்னொரு இடத்துக்குப் போங்கள். முதல் வாரத்தில் எழுதி வேதத்துக்குள் வைத்த காகிதத்தை அப்போது எடுத்துப் பாருங்கள். இலகுவாகவில்லை என்றால் அதிலேயே இருங்கள். கூட ஞானஸ்நானம் எடுத்தவர் உங்களைவிட வேகமாக வளர்வதுபோலத் தோன்றினாலும் அவரைப் பார்த்து மாற்றவேண்டாம். கடற்கரையில் பேதுருவும் திரும்பிப் பார்த்து, யோவானைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்டார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.